முதல் ஜிக்ஸா புதிரா? கடல் படத்தை மட்டும் வாங்காதீர்கள்

மொரீஷியஸில் இருப்பவர் ஜிக்ஸா, அதாவது துண்டு துண்டாக வெட்டிய படத்தைச் சேர்க்கிற புதிர், வாங்கப் போனால் கை தானாகக் கடல் படத்துக்குத்தான் போகும். எனக்கும் போனது. ல மோர்ன் மலை, அடியில் நீலக் கடல், மேலே நீல வானம், 1000 துண்டு. ஓரத்தைச் சேர்த்தேன், மலையைச் சேர்த்தேன், அப்புறம் மீதி இருந்த நீலத் துண்டுகளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஒரே நீலம். "மனசுக்கு நிம்மதி என்றார்களே, இதுவா?" என்று பெட்டியை மூடி அலமாரி மேல் போட்டவள்தான், ரொம்ப நாள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி உட்கார்ந்தது 2024 ஜனவரியில், பெலால் புயல் வந்தபோது. கீழே போர்ட் லூயிஸில் தெருவில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போகிறது, மேலே கியூர்பிப்பில் நாங்கள் சன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு வீட்டுக்குள். அண்ணி வைத்துவிட்டுப் போயிருந்த 500 துண்டுப் புதிர் ஒன்று கிடைத்தது, காய்கறிச் சந்தைப் படம். அதில்தான் எனக்குப் பிடிபட்டது. நான் செய்கிற விதத்தை இங்கே வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். முதல் தடவைக்கு 300 அல்லது 500 துண்டு போதும். படத்தை அழகுக்காகப் பார்க்காதீர்கள், அதில் எத்தனை விதமான பொருள் இருக்கிறது என்று பாருங்கள். கடை அலமாரி, சந்தை, வரிசை வீடுகள், எழுத்து நிறைந்த பழைய விளம்பரங்கள் எல்லாம் நல்லவை. வரைபடமும் சுலபம், ஜிக்ஸா தொடங்கியதே வரைபடத்தில்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து விற்றார், பிள்ளைகள் பூகோளம் படிப்பதற்காக. ஜிக்ஸா என்ற பெயர் அதற்கு வந்தது நூறு வருடத்துக்கும் மேல் கழித்து.

இங்கே ஷமரெல் என்ற ஊரில் இருக்கும் ஏழுவண்ண மண்மேட்டின் படமும் கடையில் கண்ணை இழுக்கும். ஏழு நிறம் இருக்கிறதே, சுலபம் என்று நினைக்க வேண்டாம், ஒரு நிறம் இன்னொன்றில் எங்கே கரைகிறது என்றே தெரியாது. அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

பலகையும் வெளிச்சமும்

1000 துண்டு என்றால் முடிந்ததும் ஏறக்குறைய 70 செ.மீ.க்கு 50 செ.மீ. வரும். 500 என்றால் அதில் பாதி இடம். அதைவிட ஒரு சாண் பெரிதாக ஒட்டுப்பலகை ஒன்று அறுத்து வாங்கிவிடுங்கள். சாப்பாட்டு மேசையிலேயே நேராக ஆரம்பித்தால் இரவு தால்பூரி எங்கே வைப்பது என்று சண்டை வரும். பலகை இருந்தால் அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

விளக்கு தலைக்கு நேர் மேலே வேண்டாம், பளபளப்பான துண்டுகளில் எதிரொளி அடிக்கும். பக்கவாட்டில், வெள்ளை வெளிச்சமாக வையுங்கள். புயல் அன்று மின்சாரம் போனதும் மெழுகுவர்த்தியில் நிறம் பிரித்தேன். காலையில் பார்த்தால் கிரீமும் வெள்ளையும் இளமஞ்சளும் ஒரே தட்டில் கிடந்தன.

சலித்து, திருப்பி, பிரிப்பது

பெட்டியைத் திறந்ததும் துண்டுகளை மாவுச் சல்லடையில் போட்டுக் குலுக்குங்கள், அட்டைத்தூள் இறங்கிவிடும். பிறகு ஒவ்வொன்றாகப் படம் மேலே தெரியும்படி திருப்பிப் பரப்புங்கள். அலுப்பான வேலை என்று பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு நிம்மதி கிடைப்பதே இங்கேதான், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி கை ஓடும், தலை காலியாக இருக்கும்.

திருப்பும்போதே நேர்விளிம்பு உள்ளவற்றைத் தனியே போடுங்கள். மற்றதை பிஸ்கட் டின் மூடி, கேக் தட்டு என்று கிடைத்ததில் பிரியுங்கள். நிறத்தை மட்டும் பார்க்காமல் கோடு, எழுத்து, இலையின் நரம்பு, துணியின் நெசவு என்று பிரித்தால் நல்லது. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டைத் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் காட்டி இதில் தமிழ் எது என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று விரல் வைப்பார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் வளைவு கண்ணுக்குத் தெரியும், இங்கே வேண்டியதும் அந்தப் பார்வைதான்.

ஓரம்

முதலில் மூலை நான்கு, பிறகு ஓரம். 1000 என்று போட்டிருக்கும் பல பெட்டிகளில் உண்மையில் 38 வரிசைக்கு 27, அதாவது 1026 துண்டு இருக்கும். அதில் ஓரத்துக்கு 126. இரண்டு மூன்று குறைந்தால் பதறாதீர்கள், உள்துண்டுகளில் கலந்திருக்கும், பிறகு வரும்.

உள்ளே

முகம், எழுத்து, கூடையின் பின்னல் மாதிரி கூர்மையான இடத்தில் தொடங்குங்கள். பத்துப் பதினைந்து துண்டு சேர்ந்த சிறு தீவுகளாக ஆங்காங்கே செய்துகொண்டே போகலாம். அவற்றை இடம் மாற்ற தோசைத் திருப்பியைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை.

நிறம் உதவாத இடம் வந்தால் வடிவத்துக்கு மாறுங்கள். வெளியே நீட்டுவதை எங்கள் வீட்டில் மூக்கு என்போம், உள்ளே போவதைக் குழி. வழக்கமான கட்டம்போட்ட புதிரில் உள்துண்டு ஆறே வகைதான்: நாலும் மூக்கு, நாலும் குழி, மூன்று மூக்கும் ஒரு குழியும், மூன்று குழியும் ஒரு மூக்கும், இரண்டு இரண்டாக எதிரெதிரே, இரண்டு இரண்டாக அடுத்தடுத்து. மிச்சமிருக்கும் வானத்தை இப்படி ஆறு வரிசையில் அடுக்கிவிட்டு, காலி இடத்துக்கு எந்த வகை வேண்டும் என்று பார்த்து அந்த வரிசையை மட்டும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் முடியும். அலமாரி மேல் கிடந்த அந்தக் கடலைக் கடைசியில் நான் முடித்தது இப்படித்தான்.

துண்டை அழுத்தி ஏற்றாதீர்கள். சரியானது தானாக இறங்கும். சந்தேகம் என்றால் சேர்ந்த இரண்டையும் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், இடுக்கில் ஒளி தெரிந்தால் அநேகமாகத் தப்பு. முக்கால் மணி நேரத்துக்கு மேல் குனிந்தே இருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். எழுந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் போய்த் தலைகீழாகப் பாருங்கள், அரை மணி தேடியது அங்கிருந்து உடனே கண்ணில் படும்.

முடிந்த பிறகு

சிலர் பசை தடவிச் சட்டம் போடுவார்கள். நான் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கலைத்துவிடுவேன், ஓரத்துண்டுகளைத் தனிப் பையில் கட்டி வைப்பேன். கியூர்பிப் ஈரத்தில் அட்டை உப்பிப் பூசணம் பிடிக்கும், அதனால் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், துண்டு குறைந்திருந்தால் மூடியில் எழுதிவிடுங்கள். பழைய சாமான் கடையில் நான் வாங்கிய ஒன்றில் சரியாக ஒரு பூனையின் கண் இல்லை, கடைசித் துண்டு வரை எனக்குத் தெரியாது.