டூயலி எஃப்-350க்கு நாலு வீல் டிரைவ்: எங்கிருந்து தொடங்குவது, எதை அளப்பது

பின் ஆக்சிலில் பக்கத்துக்கு இரண்டு டயர் உள்ள பிக்கப்தான் டூயலி. இரண்டு வீல் டிரைவ் டூயலியை நாலு வீல் டிரைவாக மாற்றும் இந்த வேலைக்குப் புறப்படுகிற பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஒரு முன் ஆக்சில். டானா 60 ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்துவிட்டது, இனி மாட்டுவதுதான் பாக்கி என்று நினைக்கிறார்கள். அண்மையில் ஒரு தம்பியும் அப்படித்தான் போன் செய்தார்: "அண்ணே, ஆக்சில் கைவசம் இருக்கு. வார இறுதியில முடிச்சிடலாமா?" முடியாது. முன் ஆக்சில் இதில் சின்னப் பாதி. கியர்பாக்ஸின் வாலிலிருந்து பின் டிஃபரன்ஷியல் (ஷாஃப்டின் சுழற்சியை இரு பக்க வீலுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) வரைக்கும் இருக்கிற நடுப்பகுதிதான் பெரிய பாதி. பணம், நேரம், தலைவலி மூன்றும் அங்கேதான். அதை மனதில் வைத்துத் திட்டமிட்டால் இந்த வேலை நன்றாக வரும்.

நான் ஒன்டாரியோவில் டீசல் மெக்கானிக். இங்கே சொல்வது 1986 முதல் 1997 வரை வந்த ஃபோர்டு எஃப்-350 பற்றி, குறிப்பாக 7.3 லிட்டர் டீசல் எஞ்சின் போட்ட நாலு கதவு டூயலி. செவ்ரலே, டாட்ஜ் வண்டிகளுக்குப் பொதுவான முறை இதேதான் என்றாலும் பாகங்கள் வேறு, டிஃபரன்ஷியல் இருக்கும் பக்கம்கூட மாறும்.

பின்னால் நாலு டயர் இருந்தும் இந்த வண்டி ஈரப் புல்லிலேயே ஏன் சிக்கிக்கொள்கிறது என்று கேட்பார்கள். ஏறக்குறைய 400 கிலோ எடையுள்ள எஞ்சின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. சரக்கு ஏற்றும் பின் தொட்டி காலியாக இருந்தால் பின் ஆக்சில் மேல் பாரமே இல்லை. இருக்கிற கொஞ்சப் பாரத்தையும் நாலு டயர் பங்கு போட்டுக்கொள்வதால் எதுவும் தரையைக் கடித்துப் பிடிப்பதில்லை, பனியின் மேல் மிதக்கிறது.

அப்படியானால் நாலு வீல் டூயலியையே வாங்கிவிடலாமே? வாங்கலாம். நல்லது கிடைத்தால் அதுதான் புத்திசாலித்தனம், செலவும் குறையும். ஆனால் இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். அந்த வயதுள்ள நாலு வீல் வண்டிகளின் கேபினும் தொட்டியும் அரித்துத் தின்னப்பட்டிருக்கும், ஆனால் கீழே இருக்கும் இயந்திரம் திடமாக இருக்கும். டெக்சாஸ், அரிசோனா பக்கமிருந்து வரும் இரண்டு வீல் வண்டிகளோ துரு என்றால் என்னவென்றே அறியாதவை. இந்த இரண்டும் ஒரே முற்றத்தில் வந்து நிற்கும்போதுதான் மாற்றுவதற்கு அர்த்தம் வருகிறது. உங்கள் வண்டியே துருப்பிடித்தது என்றால் இதில் இறங்க வேண்டாம்.

கொடை வண்டி

பாகம் பாகமாக வாங்காதீர்கள். முழு வண்டியாக, முடிந்தால் ஓடுகிற நிலையில், ஒரு நாலு வீல் எஃப்-350 வாங்குங்கள். பாகங்களைத் தரப்போகிற அதுதான் கொடை வண்டி. ஒரு போல்ட், ஒரு ஹோஸ், ஒரு பிராக்கெட் இல்லாமல் வேலை நின்றுபோவதுதான் இந்த மாற்றத்தின் பெரிய நோய். முழு வண்டி பக்கத்தில் நின்றால் அதுவே உங்களுக்கு வரைபடமும் ஆகும்.

கொடை வண்டியில் நான்கு விஷயங்கள் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

முதலாவது எஞ்சின் வகை. ஐந்து கியர் இசட்எஃப் கியர்பாக்ஸில் பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் முன் கூடு) தனியாகக் கழலாது, உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. 460 கன அங்குலப் பெட்ரோல் எஞ்சினுக்கு வந்த இசட்எஃப் உங்கள் டீசலுக்குச் சேராது.

இரண்டாவது வீல் போல்ட். 1997 வரை எட்டு போல்ட், 6.5 அங்குல வட்டம். ஃபோர்டின் அடுத்த தலைமுறைக் கனரகப் பிக்கப்பான 1999 மாடல் சூப்பர் டியூட்டியிலிருந்து 170 மில்லிமீட்டர் வட்டம். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, வீல் மட்டும் ஏறாது. "புது ஆக்சில், பலமானது" என்று யாராவது சூப்பர் டியூட்டி ஆக்சிலைக் காட்டினால் முதலில் டேப்பை எடுங்கள்.

மூன்றாவது கியர் விகிதம். முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். டிஃபரன்ஷியல் மூடியில் தகடு இருந்தால் படியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். முப்பது வருடத்தில் யாராவது உள்ளே மாற்றியிருக்கலாம். ஒரு பக்க வீலை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்க வீலை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் சின்ன கியர்) எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நாலு சுற்றும் இன்னும் கொஞ்சமும் என்றால் 4.10. இது ஓப்பன், அதாவது லாக் இல்லாத, டிஃபரன்ஷியலுக்குப் பொருந்தும் கணக்கு. பின்னால் 3.55, முன்னால் 3.54 என்று வந்தால் பயப்பட வேண்டாம், தொழிற்சாலையிலேயே அப்படித்தான் ஜோடி சேர்த்தார்கள். விகிதம் ஒத்துப்போகவில்லை என்றால் முன் ஆக்சிலின் கிரவுன்-பினியனை (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கியர் ஜோடியை) மாற்றுங்கள். ஃபோர்டின் முன் டானா 60 உயர்ந்த பினியன் வகை, பற்கள் எதிர்த்திசையில் வெட்டப்பட்டவை. பின் டானா 60க்கான கிரவுன்-பினியன் அதில் உட்காராது. 3.54க்கும் 4.10க்கும் ஒரே கேரியர் (கிரவுன் கியரைத் தாங்கும் கூடு) போதும், 4.56க்குப் போனால் கேரியரும் வேறு.

நான்காவது டூயலிக்கே உரிய சிக்கல். டூயலியில் ஆறு வீலும் ஒரே வார்ப்பு. பின்னால் இரண்டு வீல் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் வீலின் நடுத்தகடு ஒரு ஓரத்துக்குத் தள்ளி இருக்கும். அதே வீலை, பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள வண்டியின் முன் ஆக்சிலில் மாட்டினால் டயர் உள்ளே போய் இடிக்கும். ஆகவே கொடை வண்டியும் டூயலியாக இருக்கட்டும். இல்லையென்றால் டூயலிக்கான முன் ஹப் பாகங்களைத் தேடி வாங்க வேண்டும். விலை குறைந்த அலுமினியத் துண்டு ஒன்றை இடையில் வைத்து ஒப்பேற்றுவதை நான் செய்வதில்லை. டிரெய்லர் இழுக்கும் வண்டியில் அந்த ஆபத்து தேவையே இல்லை.

முன் வீல் திரும்பும் மூட்டு 1991 வரை டானா 60இல் கிங்பின், 1992 முதல் பால் ஜாயின்ட். எனக்குக் கிங்பின் பிடிக்கும். இரண்டுமே நல்லவைதான், பாகம் வாங்கும்போது மட்டும் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முன்பக்கம்

எதையும் கழற்றுவதற்கு முன் கொடை வண்டியை அளந்து எழுதுங்கள். லீஃப் ஸ்பிரிங் தாங்கிகள், ஸ்டீயரிங் பாக்ஸ், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச்சட்டம் ஒவ்வொன்றும் கேபின் மவுண்ட் துளையிலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டு பக்கமும் குறியுங்கள். பம்பரிலிருந்து அளக்காதீர்கள், பம்பர் நகர்ந்திருக்கும்.

உங்கள் வண்டியின் முன்னால் இருப்பது இரட்டை ஐ-பீம், அதாவது பக்கத்துக்கு ஒன்றாக வீலைத் தாங்கும் இரண்டு இரும்புத் தண்டுகள். எஞ்சினைத் தாங்கும் குறுக்குச்சட்டத்திலேயே அவற்றின் மூட்டுகளும் தொங்குகின்றன. எஞ்சினை மேலிருந்து பிடித்து நிறுத்தாமல் அங்கே கை வைக்கவே கூடாது. சேஸிஸை, ஜாக்கியின் மேல் அல்ல, பாரம் தாங்கும் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். இது மூன்று டன் வண்டி.

காயில் ஸ்பிரிங் கூண்டும் ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டும் ரிவெட்டால் பிடித்திருக்கும். கிரைண்டரால் தலையைச் சீவுங்கள், நடுவில் துளையிடுங்கள், பிறகு தட்டி வெளியேற்றுங்கள். கேஸ் கட்டரால் சேஸிஸைச் சூடாக்க வேண்டாம், அந்த இடத்தில் இரும்பு பலம் இழக்கும். புதிதாக மாட்டுவதை கிரேடு 8 போல்ட்டால் மாட்டுங்கள். துளையில் போல்ட் தளர்வாக ஆடினால் துளையைச் சீராக்கி அடுத்த அளவு போல்ட் போடுங்கள். சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதுத் துளை போடவே வேண்டாம், பக்கச் சுவரில் மட்டும்.

ஸ்பிரிங் தாங்கி, ஷாக்கிள், ஸ்பிரிங், ஆக்சில் எல்லாம் கொடை வண்டியிலிருந்து அப்படியே வரும். யூ போல்ட் மட்டும் புதிது. ஒருமுறை இறுக்கி நீண்ட யூ போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. உயரம் போதவில்லை என்று முன் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் கட்டை வைக்காதீர்கள். பிரேக் போடும்போது அது பிதுங்கிக்கொண்டு வரும்.

ஸ்டீயரிங்கை வீல்களோடு இணைக்கும் பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு ஒரே வண்டியின் செட்டாக இருக்கட்டும். பிரேக் ஹோஸ் புதிதாக, நீளமானதாக வாங்குங்கள். ஸ்பிரிங் முழுதாகத் தொங்கும்போதும் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பும்போதும் ஹோஸ் இழுபடக் கூடாது.

நடுப்பகுதி

இரண்டு வீல் கியர்பாக்ஸின் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்சில் இரண்டுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டியை) ஒட்டவைக்க முடியாது. வெளியேறும் ஷாஃப்டும் வால் ஹவுசிங்கும் வேறு. ஈ4ஓடி ஆட்டோமேட்டிக் என்றால் அந்த ஷாஃப்டை மாற்ற முழு கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டும். கொடை வண்டியின் கியர்பாக்ஸை முழுதாக எடுத்து மாட்டுவதுதான் சரி. வெளியே இருக்கும்போதே சீல், கிளட்ச் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் போர்க்-வார்னர் 1356. மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டுவதற்கான லோ ரேஞ்சின் விகிதம் 2.69. மின்மோட்டாரால் மாறும் வகையும் உண்டு, கையால் மாற்றும் வகையும் உண்டு. கையால் மாற்றுவதையே எடுங்கள். தரையில் லிவருக்கு ஒரு துளை வெட்டினால் போதும், ஒயரிங் மிச்சம். ஆனால் ஈ4ஓடியில் ஒரு ஒயரை மறக்கக் கூடாது: லோ ரேஞ்ச் போட்டதை கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஸ்விட்ச் ஒயர். அது இல்லாவிட்டால் லோவில் கியர் மாறும் நேரம் தாறுமாறாகும்.

இப்போது ஷாஃப்ட். டிரான்ஸ்ஃபர் கேஸ் இடத்தை எடுத்துக்கொண்டதால் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முன் துண்டு குட்டையாக வேண்டும். நாலு கதவு டூயலியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். வண்டி முழுதாகச் சேர்ந்து, எஞ்சினும் கேபினும் தொட்டியும் மேலே இருந்து, டயர் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகே அளவு எடுங்கள். ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு பொய்யான அளவு. வெட்டி வெல்டு செய்வதைப் பேலன்ஸ் மெஷின் உள்ள ஷாஃப்ட் பட்டறையில் கொடுங்கள்.

கோணங்களை அளக்காமல் விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற குறை. ஒவ்வொரு யூ ஜாயின்ட்டும் வேலை செய்யும் கோணம் 3 பாகைக்குள் இருக்கட்டும், சுத்தமாகச் சுழியமும் வேண்டாம். கொஞ்சமாவது கோணம் இருந்தால்தான் உள்ளே ஊசி பேரிங் உருண்டு தேய்மானம் பரவும். கடைசித் துண்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்து ஒன்றையொன்று ரத்து செய்ய வேண்டும், இரு முனை யோக்கும் (யூ ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) ஒரே நேரில் நிற்க வேண்டும். முன்பக்கம் உயர்ந்ததற்கு ஈடாகப் பின்னால் கொடை வண்டியின் கட்டையையும் நீளமான புது யூ போல்ட்டையும் போடுவீர்கள். அப்போது பினியன் கோணம் மாறும், மறுபடி அளங்கள். சென்டர் பேரிங்கைத் தகடு வைத்து ஏற்றி இறக்கினாலே பல நேரம் சரியாகிவிடும். கிளம்பும்போது வண்டி உதறினால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

முன் ஆக்சிலில் பினியன் கோணமும் காஸ்டரும் (முன் வீல் திரும்பும் அச்சின் சாய்வு) ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஆப்புத் தகடு வைத்து ஒன்றைத் திருத்தினால் மற்றதும் நகரும். முன் ஷாஃப்டை அழகாக்குவதற்காகக் காஸ்டரை இழக்காதீர்கள். நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். சுமார் 3 முதல் 4 பாகை நேர்க் காஸ்டர் இருந்தால் ஓட்ட நிம்மதி. முன் ஷாஃப்ட் இடப்பக்கம் போகும், சைலன்சர் குழாய் அதற்கு வழிவிடுகிறதா என்றும் பாருங்கள்.

வேகமானிக்கு 1992க்குப் பிந்தைய வண்டிகளில் வேலையே இல்லை. தகவல் பின் டிஃபரன்ஷியலில் உள்ள சென்சாரிலிருந்து வருகிறது, உங்கள் பின் ஆக்சில் அப்படியே இருக்கிறதே. டயரும் பழைய 215/85 ஆர்16 ஆகவே இருக்கட்டும். அகலமானது போட்டால் பின்னால் இரட்டை டயருக்கு நடுவே இடைவெளி சுருங்கி, பாரம் ஏறும்போது பக்கச் சுவர்கள் உரசும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் எல்லா எண்ணெயும்: டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆட்டோமேட்டிக் எண்ணெய், டிஃபரன்ஷியலுக்கு நிரப்பும் துளைவரை கியர் எண்ணெய். முன் வீலை ஆக்சிலோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டாமல் தெருவில் மெதுவாக ஓட்டுங்கள், பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சோதியுங்கள். பிறகு மண்ணிலோ பனியிலோ ஹப்பைப் பூட்டி நாலு வீலில் போடுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது, திரும்பும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட், தாங்கி போல்ட், வீல் நட்டு எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி இறுக்குங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவியுங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மொத்த எடை வரம்பு இந்த மாற்றத்தால் அதிகரிக்காது, டிரெய்லர் கணக்கும் பழையதுதான். கூடுதலாக ஏறிய ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ் எடையை அந்த வரம்பிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். வின் எண் (வண்டியின் அடையாள எண்) இன்னும் இரண்டு வீல் என்றே சொல்லும் என்பதால் கொடை வண்டியின் வருடத்தையும் வின் எண்ணையும் எழுதி டாஷ்போர்டுக்குள் வையுங்கள். முன்பக்கப் பாகம் வாங்கப் போகும்போது கடைக்காரர் கேட்பது அதைத்தான்.