டீன் கோர்ட் நடத்துபவர்கள் சறுக்கும் இடங்கள்

கடையில் திருடியது, சுவரில் கிறுக்கியது, பள்ளியில் கைகலப்பு என்று முதல்முறை சிறு குற்றத்தில் சிக்கும் பிள்ளைகளின் வழக்கை, அவர்கள் வயதுப் பிள்ளைகளே கேட்டுத் தண்டனை தீர்மானிக்கும் ஏற்பாடுதான் அமெரிக்காவின் டீன் கோர்ட். 1983இல் டெக்சஸின் ஒடெஸா நகரில் தொடங்கியது பேர்பெற்ற பிறகு, பல ஊர்களும் இதைக் கையில் எடுத்தன. எனக்கு இதன்மேல் முழு நம்பிக்கை உண்டு. அதனால்தான் இதைக் கெடுக்கும் பழக்கங்கள் உறுத்துகின்றன.

முதலாவது, "ஒத்துக்கொள், சீக்கிரம் முடிந்துவிடும்" என்று பெற்றோர் பிள்ளையை நெருக்குவது. பெரும்பாலான டீன் கோர்ட்டுகள் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களைத்தான் எடுத்துக்கொள்கின்றன. செய்தானா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழாது. "நான் செய்யவில்லை" என்று சொல்லும் பிள்ளைக்கு வக்கீலோடு வாதாடும் உரிமை உள்ள சிறார் நீதிமன்றம்தான் சரியான இடம். செய்யாததை ஒப்புக்கொள்ள வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது, வழக்கு போதவில்லை என்று ஆள் பிடிப்பது. போலீஸ்காரர் கண்டித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய பிள்ளையும், "திட்டம்தான் இருக்கிறதே" என்று உள்ளே இழுக்கப்படுகிறது. சிறைக்குப் போகாமல் காக்க விரித்த வலையில், போகவே வாய்ப்பில்லாத பிள்ளைகள் சிக்குகிறார்கள். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானதாகக் கருதுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் வளர்ச்சியாகவே தெரியும்.

பெரியவர்கள் மேடையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. நீதிபதி இருக்கையில் பெரியவர் உட்காரும் முறை, இளையவரே நீதிபதியாகும் முறை, மூன்று இளையவர் சேர்ந்து விசாரிக்கும் முறை, ஜூரியே, அதாவது தண்டனையைத் தீர்மானிக்கும் பிள்ளைகள் குழுவே, நேராகக் கேள்வி கேட்கும் முறை என நான்கு வகை இருக்கின்றன. பெரியவர் நீதிபதியாவதுதான் அதிகம். ஆனால் 2002இல் அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நான்கு மாநிலங்களில் செய்த ஆய்வில், பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்ட அலாஸ்காவும் மிசௌரியும்தான் தெளிவாக மேலே நின்றன. அலாஸ்காவில் ஆறு மாதத்துக்குள் மறுபடி சிக்கியவர்கள் 6 சதவீதம். வழக்கமான வழியில் போனவர்களில் அது 23 சதவீதம்.

அந்த எண்ணை மட்டும் காட்டி நிதி கேட்பதும் தவறு. அதே ஆய்வில் மேரிலாந்தில் மறுபடி சிக்கியவர்கள் டீன் கோர்ட் பக்கம் 8 சதவீதம், மறுபக்கம் 4 சதவீதம். வித்தியாசம் உறுதியாகச் சொல்லுமளவு பெரிதல்ல, ஆனால் அங்கே ஒப்பிட்டது போலீஸாரே அக்கறையோடு நடத்திய மாற்றுத் திட்டத்தோடு. உங்கள் ஊரில் ஏற்கெனவே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஜூரிப் பிள்ளைகளின் பயிற்சியைச் சுருக்கக் கூடாது. பயிற்சி இல்லாவிட்டால் சிலர் டிவியில் பார்த்த வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணையில் இறங்கி, எதிரே இருப்பவரை அழ வைத்துவிடுகிறார்கள். கேட்டது வெளியே போகாது என்ற உறுதிமொழியும் சடங்காகிவிடக் கூடாது. மறுநாள் வகுப்பில் கதை பரவினால் அந்தப் பிள்ளைக்கு அதுவே இரண்டாவது தண்டனை.

தண்டனையில் சமூக சேவையும் மன்னிப்புக் கடிதமும் இருக்கும். கூடவே, பின்னால் வரும் வழக்குகளில் ஜூரியாக உட்கார வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. ஆள் ஏற்பாடு செய்வது சிரமம் என்று முதலில் கைவிடப்படுவது இதுதான். தயவுசெய்து விடாதீர்கள். போன மாதம் தலைகுனிந்து நின்ற பையன், இன்று இன்னொருவனிடம் "அப்போது உனக்கு என்ன தோன்றியது?" என்று கேட்கும் இடம் அது.