டிபி பெட்டிக்குள் கம்பி முனைகளைச் சரியாக இறுக்குவது எப்படி?

வயர்மேன் வேலையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருப்பவர்களுக்காக, அதிலும் பிடபிள்யூ2 தகுதிச் சான்றிதழுக்குத் தயாராகிறவர்களுக்காக, இதை எழுதுகிறேன். வீட்டு உரிமையாளர் படித்துத் தெரிந்துகொள்ளலாமே தவிர, டிபி பெட்டியின், அதாவது வீட்டின் மின் விநியோகப் பெட்டியின், மூடியைக் கழற்றிக் கைவைக்கக் கூடாது. மலேசியாவில் அந்த வேலையைச் செய்யும் உரிமை எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்றவருக்கும் அவருடைய மேற்பார்வையில் வேலை செய்பவருக்கும் மட்டுமே உண்டு. கம்பியின் நிறம், எம்சிபியின் (மின்னோட்டம் அளவை மீறினால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்சின்) ஆம்பியர், கம்பியின் தடிமன் ஆகியவை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டரிலிருந்து அதற்குள் வரும் கம்பிகளில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, நீங்கள் தொடப்போகும் ஒவ்வொரு முனையிலும் மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிசெய்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். சோதிக்கும் முன்பும் சோதித்த பின்பும், மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் அந்த டெஸ்டரையே ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உறையை உரிப்பது. எவ்வளவு நீளம் உரிக்க வேண்டும் என்பதைப் பல எம்சிபிகளின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 10 முதல் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பேனாக்கத்தியால் உரிப்பதை நான் விரும்புவதில்லை. நம் வீடுகளில் பிளக் பாயின்டுகளுக்கு ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்குள் 0.67 மில்லிமீட்டர் தடிமனில் ஏழு இழைகள் இருக்கின்றன. கத்தி அவற்றில் ஒன்றைக் கீறிவிட்டால், வளைக்கும்போது அந்த இழை அங்கேயே முறிந்துவிடும். அளவுக்கேற்ற பள்ளங்கள் கொண்ட எளிய ஸ்டிரிப்பர் போதும். விலை உயர்ந்த தானியங்கி ஸ்டிரிப்பர் வேண்டியதில்லை. பினாங்கில் கடலோரப் பழைய கடைவீடுகளில் வேலை செய்யும்போது, உரித்த செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதிதாக உரியுங்கள்.

ஏழு இழைக் கம்பிக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாய்) தேவையில்லை. இழைகளை அவை ஏற்கெனவே முறுக்கப்பட்டிருக்கும் திசையிலேயே இலேசாக முறுக்கிச் சேர்த்தால் போதும். மயிரிழை போன்ற மெல்லிய இழைகள் கொண்ட வளைகம்பியானால் ஃபெரூல் கட்டாயம் வேண்டும். அதை ராட்செட் கிரிம்பர் என்னும் அழுத்துகருவியால் அழுத்த வேண்டுமே தவிர, குறடால் நசுக்கக் கூடாது. ஈயம் பூசி இறுக்கும் பழைய பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். திருகின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் மெல்ல நகர்ந்து பிடி தளர்ந்துவிடும்.

பலருக்கும் சிக்கல் தொடங்குவது இதற்குப் பிறகுதான். எம்சிபியின் டெர்மினலுக்குள் உலோகக் கூண்டு ஒன்று இருக்கிறது. திருகைச் சுழற்றும்போது அந்தக் கூண்டு மேலெழுந்து, தனக்குள் நுழைந்திருக்கும் கம்பியை நிலையான தகட்டோடு சேர்த்து அழுத்துகிறது. புதிய எம்சிபியில் அந்தக் கூண்டு பாதி மூடிய நிலையிலேயே இருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் கம்பியைச் செருகினால் அது கூண்டுக்குள் போகாமல் கூண்டின் பின்புறத்து இடைவெளியில் நுழைந்துவிடும். திருகும் நன்றாக இறுகும், மல்டிமீட்டரும் தொடர்பு இருக்கிறது என்று ஒலியெழுப்பும். ஆனால் கம்பியை எதுவும் பிடித்திருக்காது. ஏர்கோண்டும் வாட்டர் ஹீட்டரும் ஓடத் தொடங்கியதும் அந்த இடம் சூடேறும், உறை பழுப்பாகும், பிறகு கருகும்.

ஆகவே செருகுவதற்கு முன் திருகை முழுவதும் தளர்த்திக் கூண்டைத் திறந்துவிடுங்கள். கைவிளக்கால் டெர்மினலின் வாயைப் பார்த்து, கூண்டின் நான்கு சுவர்களுக்கு நடுவே கம்பி நுழைவதைக் கண்ணால் உறுதிசெய்யுங்கள். இறுக்கும்போது திருகு வழக்கத்தைவிடப் பல சுற்றுகள் கூடுதலாகப் போனால், கூண்டு வெறுமையாக மூடிக்கொண்டது என்றே பொருள். இறுக்கிய பின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே இழுத்துப் பாருங்கள். எம்சிபிகளை வரிசையாக இணைக்கும் பல்வைத்த செம்புத் தகடான சீப்பு பஸ்பாரைப் பொருத்தும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: பத்துப் பற்களில் ஒன்பது கூண்டுக்குள் சரியாக நுழைந்து, ஒன்று மட்டும் பின்னால் நழுவினாலும் வெளியிலிருந்து எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

இறுக்குவதற்கு வெறும் கைப்பழக்கத்தை நம்ப வேண்டாம். எவ்வளவு இறுக்க வேண்டும், அதாவது எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது எம்சிபியின் மீதோ அதன் தாளிலோ இருக்கும். வீட்டு எம்சிபிகளில் பெரும்பாலும் 2 அல்லது அதற்குச் சற்று மேல். குறித்த இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ஸ்குரூடிரைவர் விலை அதிகம்தான், ஆனால் கருவிப்பையில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். அதன் முனையும் பொருந்த வேண்டும்: இந்தத் திருகுகள் பெரும்பாலும் போசிடிரைவ் வகை, சாதாரண பிலிப்ஸ் முனையை வைத்தால் வழுக்கித் திருகின் தலையைத் தேய்த்துவிடும்.

நியூட்ரல், எர்த் கம்பிகளை எம்சிபியின் வரிசையிலேயே பித்தளைக் கட்டைகளில் பொருத்துங்கள். மூன்றாவது எம்சிபியின் நியூட்ரல் மூன்றாவது துளையில் இருந்தால், பின்னாளில் பழுது பார்ப்பவர் உங்களை வாழ்த்துவார். துளை பெரிதாகவும் கம்பி 1.5 சதுர மில்லிமீட்டராகவும் இருந்தால், முனையை இரட்டையாக மடித்துச் செருகுங்கள்; இல்லையென்றால் திருகு இழைகளை இருபுறமும் விலக்கிவிட்டு நடுவே இறங்கிவிடும். வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச்) தனியாக இருக்குமானால், அதன் நியூட்ரல் அந்த ஆர்சிசிபிக்கே திரும்ப வேண்டும். பொதுக் கட்டையில் கலந்துவிட்டால் ஹீட்டரைப் போட்டவுடன் டிரிப் ஆகும், வீட்டுக்காரர் ஹீட்டரைத்தான் குறைசொல்வார்.

மூடியைப் போடும் முன் கம்பி உறையின் மின்காப்பைப் பார்க்கும் 500 வோல்ட் இன்சுலேஷன் சோதனையைச் செய்து, குறைந்தது 1 மெகா ஓம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்னணுச் சாதனங்களை அதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். மின்சாரம் கொடுத்த பின் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பட்டர்வொர்த் பயிற்சியாளர் ஒருவர், டார்க் ஸ்குரூடிரைவர் கிளிக் என்று சொன்ன பிறகும் கம்பி உருவிக்கொண்டு வந்ததாக எழுதியிருந்தார். அவர் உரித்த நீளம் குறைவாக இருந்ததால், கூண்டு செம்புக்குப் பதிலாகப் பிவிசி உறையையே கவ்வியிருக்கிறது. கருவிக்கு அழுத்தம் மட்டுமே தெரியும், எதை அழுத்துகிறோம் என்பது தெரியாது. பிளக் பாயின்டுகளைச் சுற்றிவந்து அதே எம்சிபிக்குத் திரும்பும் ரிங் சர்க்கிட்டின் இரு கம்பிகளை ஒரே எம்சிபியில் பொருத்தலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் பொருத்தலாம்; ஆனால் இரண்டும் ஒரே அளவாக, ஒரே நீளத்திற்கு உரிக்கப்பட்டு, கூண்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். 2.5 உடன் 1.5 ஐச் சேர்த்தால் தடித்தது பிடிபடும், மெல்லியது தளர்ந்தே கிடக்கும்.