மகன் ஃபுட்பால் சேரப்போகிறான் என்றால்: டெக்சாஸ் தமிழ்ப் பெற்றோருக்கு

ஹூஸ்டன் பக்கம் நம் வீட்டுப் பையன்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் "ஃபுட்பால் சேரட்டுமா?" என்று கேட்கிறார்கள். காலால் உதைக்கும் கால்பந்து அல்ல, ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால். "மண்டை உடையும், வேண்டாம்" என்று மறுப்பதும் சரி, பள்ளி அனுப்பும் படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் சரி, இரண்டாலும் பையனுக்கு நன்மை இல்லை. என் மகன் லைன்பேக்கர், அதாவது எதிரணியை மோதித் தடுக்கும் தற்காப்பு ஆட்டக்காரன். நான் அணிக்கு உதவும் பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப்பில் இருக்கிறேன், மாலை பிராக்டிஸில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன். அங்கே நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: நியாயமில்லாத கோச்சிடம் பையன்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். இடம் போய்விடும் என்ற பயம். அதனால் ஹெல்மெட்டைப் பார்ப்பதுபோலவே கோச் எப்படித் தண்டிக்கிறார் என்பதையும் பாருங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அத்லெட்டிக் டிரெயினர் பற்றியது. இவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் அல்ல. காயத்தைக் கவனிக்க உரிமம் பெற்றவர். மேட்சுக்கு மட்டும் வருகிறாரா, தினசரி பிராக்டிஸுக்கும் இருக்கிறாரா? அவர் "இவன் இன்று ஆடக்கூடாது" என்றால் கோச் அதை மாற்ற முடியுமா? "முடியாது" என்று தயங்காமல் பதில் வர வேண்டும். அப்புறம் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பூட்டிய அலுவலக அறையில் என்றால் அதை மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 2023 ஜனவரி 2 அன்று தொழில்முறை அணியான பஃபலோ பில்ஸின் வீரர் டமார் ஹாம்லின், எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் ஒரு டேக்கிளுக்குப் பின் எழுந்து நின்று, அப்படியே சரிந்தார். நெஞ்சில் விழுந்த அடியால் இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே சி.பி.ஆர். செய்து, ஏ.இ.டி. வைத்ததால்தான் பிழைத்தார்.

ஆகஸ்ட் மாதத்தில் எனக்கு அடியைவிடப் பெரிய கவலை வெயில். மினசோட்டா வைக்கிங்ஸ் வீரர் கோரி ஸ்டிரிங்கர் 2001 ஆகஸ்டில் பயிற்சி முகாமில் வெப்பத் தாக்கால் இறந்தார். மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர் ஜோர்டன் மெக்நேர் 2018 மே மாதம் 110 கெஜ ஓட்டங்கள் ஓடும்போது தளர்ந்தார். அவரை ஐஸ் தண்ணீரில் இறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து இறந்துவிட்டார். வெப்பத் தாக்கு வந்தவரை முதலில் குளிர்வித்துவிட்டு அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். ஆகவே பிராக்டிஸ் தொடங்கும் முன்னரே ஒரு பெரிய தொட்டியில் தண்ணீரும் பக்கத்தில் ஐஸும் தயாராக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் மைதானத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் தகரத் தொட்டிதான், விலை அதிகமில்லை. பையன் உளறினாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமல் சண்டைக்கு வந்தாலோ உடனே அதற்குள் இறக்கிவிட வேண்டும்.

முதல் நாளே முழுக் கவசத்தோடு மோதவிடும் பள்ளியில் சேர்க்காதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக 14 நாள் தேவை. கோரி ஸ்டிரிங்கர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் மையம் பள்ளிகளுக்குச் சொல்வது: முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை தோள்கவசமும் சேர்த்து, அதற்குப் பிறகே முழு உடுப்பு.

இன்னொன்று நம்மவர்கள் பெரும்பாலும் யோசிக்காதது. சிக்கிள் செல் கூறு (ரத்தச் சிவப்பணுவில் பரம்பரையாக வரும் ஒரு கூறு) உள்ளவர்கள் இடைவிடாமல் ஓடினால் திடீரென்று சரிந்துவிடலாம். இங்கே ஹூஸ்டனில், ரைஸ் பல்கலைக்கழக மாணவர் டேல் லாயிட் 2006-ல் 100 கெஜ ஓட்டங்கள் 16 ஓடிய மறுநாள் இறந்தார். அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இந்தச் சோதனை செய்துவிடுகிறார்கள். ஊரில் பிறந்து வந்த பையன் என்றால் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்தக் கூறு இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது.

ஹெல்மெட்டை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி வெளிச்சத்தில் பாருங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஓர் அங்குலம் இருக்க வேண்டும். முகக்கம்பியைப் பிடித்து இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள்: நெற்றித் தோலும் சேர்ந்து நகர்ந்தால் சரி, ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பெரிது. கன்னத் திண்டுகள் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். முடி வெட்டிய வாரத்தில் மறுபடி பாருங்கள், காற்று அடைத்த திண்டு என்றால் காற்று இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் எந்த ஹெல்மெட்டும் கன்கஷனை, அதாவது மூளை குலுங்கி வரும் காயத்தை, தடுக்காது. மண்டை ஓடு உடையாமல் காப்பதுதான் அதன் வேலை. உள்ளே இருக்கும் மூளை குலுங்கத்தான் செய்யும்.

அதனால் டேக்கிள் முறைதான் முக்கியம். தலையைக் குனிந்து உச்சியால் முட்டுவது 1976-லேயே தடைசெய்யப்பட்டது. கழுத்து முறிந்து கை கால் செயலிழந்தவர்கள் அதன்பின் வெகுவாகக் குறைந்தார்கள். மகன் தலை நிமிர்ந்து, தோளால் மோதுகிறானா என்று வேலியோரம் நின்று பாருங்கள். சீசனில் ஒரு பையனுக்கு வாரம் 90 நிமிடத்துக்கு மேல் முழு மோதல் பயிற்சி கூடாது என்று டெக்சாஸ் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பு 2013-லேயே வரம்பு வைத்திருக்கிறது. யார் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கன்கஷன் என்ற சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. டெக்சாஸில் 2011-ல் வந்த நடாஷா சட்டப்படி, நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்து, நீங்களும் சம்மதித்த பிறகே பையன் திரும்ப ஆடலாம். கோச் அனுமதி கொடுக்க முடியாது. "தலை வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லம்மா" என்றுதான் சொல்வான். நான் கேட்பதில்லை, கவனிக்கிறேன். சமையலறை விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறானா, சொன்னதையே மறுபடி கேட்கிறானா, பிடித்த தோசையைத் தொடாமல் எழுந்து போகிறானா. தலைவலி மாத்திரை கொடுத்து மறுநாள் பிராக்டிஸுக்கு அனுப்புவது கூடவே கூடாது. வலி மறையும், காயம் அப்படியே இருக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, எழுப்பினால் எழாமல் இருப்பது என்றால் 911-ஐ அழையுங்கள். மருத்துவர் பார்த்துவிட்டார் என்றால் தூங்கவிடலாம். தூங்கவே கூடாது என்று ஊரில் பாட்டிகள் சொல்வதைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்காரவைக்காதீர்கள்.

இனி தண்டனை விஷயம். அணியின் விதிகளை எழுத்தில் கேளுங்கள். தாமதமாக வந்தால் என்ன, வகுப்பில் தவறு செய்தால் என்ன, ஆட்டத்தில் வேண்டுமென்றே அடித்தால் என்ன? யார் முடிவெடுப்பார், பையன் தன் தரப்பைச் சொல்ல இடம் உண்டா? மகன் முன்பு ஆடிய ஓர் அணியில், பிராக்டிஸுக்கு வராத குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முக்கிய ஆட்டக்காரன்) வெள்ளிக்கிழமை முதல் ஆட்டக்காரனாக இறங்கினான். அதே வாரம் வராத மாற்று ஆட்டக்காரன் மதிய வெயிலில் ஓடிக்கொண்டிருந்தான். மற்ற பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதன்பின் கணுக்கால் வீங்கியவன்கூட டிரெயினரிடம் போகவில்லை. ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுப்பதே ஆபத்து. களைத்தவன் நின்றால் கோழை என்று பெயர் வரும் என்பதால் நிற்க மாட்டான். தண்டனை வேண்டும் என்றால் ஆட்டத்தில் நான்கில் ஒரு பகுதி நேரம் பெஞ்சில் உட்காரவையுங்கள், கவசங்களைத் துடைக்கச் சொல்லுங்கள் என்று கோச்சிடம் தயங்காமல் சொல்லலாம்.

மகனே விதி மீறி அடித்தால்? டெக்சாஸ் பள்ளிகள் சில மாற்றங்களோடு கல்லூரி விதிகளில்தான் ஆடுகின்றன. தலையைக் குறிவைத்து அடிக்கும் டார்கெட்டிங்குக்குக் கல்லூரியில் 15 கெஜம் அபராதம், 2013 முதல் வெளியேற்றமும் சேர்த்து.  ரெஃப்ரியைத் திட்டாதீர்கள். வாரக் கடைசியில் கோச்சோடு உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்க்கச் சொல்லுங்கள்: எங்கே குனிந்தான், யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தது? நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் எதிரணியினரைக் காயப்படுத்தப் பணம் பேசிய விவகாரத்தில், நான்கு வீரர்களின் தடைகளை எதிர்த்த முறையீட்டை விசாரித்த, தொழில்முறை லீக்கின் முன்னாள் தலைவர் பால் டாக்லியபூ 2012 டிசம்பரில் எல்லாவற்றையும் ரத்து செய்தார். பெரும்பாலான வீரர்கள்மேல் தவறு இருப்பதாகவே சொன்னார், ஆனால் பயிற்சியாளர்களும் நிர்வாகமும் வழக்கைக் கெடுத்துவிட்டார்கள் என்றார். சொல்லிக்கொடுத்த பெரியவர்களின் பொறுப்பையும் பார்க்க வேண்டும் என்பது பதினைந்து வயதுப் பையன் விஷயத்தில் இன்னும் பொருந்தும்.

கோச்சிடம் பேச ஒரு முறை இருக்கிறது. ஆட்டம் முடிந்த சூட்டில் போகாதீர்கள். ஆடும் நேரம் பற்றி என்றால் பையனே முதலில் பேசட்டும். தண்டனை பற்றி என்றால் ஒரு நாள் விட்டு, நேரம் கேட்டுப் போங்கள். திருப்தி இல்லை என்றால் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரிடம். தலைக்காயம், வெயில், தண்ணீர் மறுப்பது பற்றி என்றால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டிரெயினரைப் பாருங்கள், அன்றிரவே கோச்சுக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள். நடந்த தேதி, நேரம், பார்த்தது என்ன, மருத்துவரிடம் எப்போது போகிறீர்கள், அவர் எழுதிக்கொடுக்கும்வரை மகன் எந்தப் பயிற்சியிலும் கலந்துகொள்ள மாட்டான். இவ்வளவுதான், நான்கு வரி போதும். ஒரு நகலை டிரெயினருக்கும் போடுங்கள்.