இந்த வரிசை முடியட்டும்: குளிர்காலத்தில் குடும்பம், பின்னல், புத்தகம், கைவேலை

"இதோ, இந்த வரிசை முடிஞ்சதும் வர்றேன்." பின்னல் ஊசி இருக்கிற வீட்டில் குளிர்காலம் முழுக்கக் கேட்கும் பேச்சு இது. மனஸ்தாபமும் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வரிசை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேட்கிறவருக்கும் தெரியாது, சொல்கிறவருக்கும் தெரியாது.

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஓரளவு கை பழகியவர் நிமிடத்துக்கு 20 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) போடுவார் என்று வைத்துக்கொள்ளலாம். 36 கண்ணியுள்ள மஃப்ளரில் ஒரு வரிசைக்கு 2 நிமிடம்கூட ஆகாது. 88 கண்ணியுள்ள குல்லாவில் ஒரு சுற்றுக்கு நாலரை நிமிடம். 300 கண்ணிக்கு விரிந்துவிட்ட சால்வையில் ஒரே வரிசைக்குக் கால் மணி நேரம். மூன்றுக்கும் ஒரே "இதோ வர்றேன்" சொன்னால் யார் நம்புவார்கள்? கையிலுள்ள வேலையில் ஒரு வரிசை போடக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எடுத்துவையுங்கள். அப்புறம் "அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால் அது அஞ்சு நிமிஷமாகவே இருக்கும். வீட்டில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

குளிர்காலத்தில் பொழுது சீக்கிரம் சாய்கிறது, எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். நேரம் கூடினதுபோலத் தோன்றும். ஆனால் கூடுவது ஒன்றாக இருக்கும் நேரம்தான், தனியாக இருக்கும் நேரம் குறைந்துதான் போகிறது. அதனால் எந்த வேலையைச் சட்டென்று கீழே வைக்க முடியும், எதை வைக்க முடியாது என்று பிரித்துவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த வேலை எப்போது

கையில் எப்போதும் இரண்டு பின்னல் இருக்கட்டும். ஒன்று பேச்சு வேலை: எல்லா வரிசையும் நேர்க் கண்ணி (அடிப்படையான knit கண்ணி) மட்டும், டிசைன் கிடையாது, எண்ண வேண்டியதில்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம், டிவி நேரம், வண்டியில் காத்திருக்கும் நேரம் எல்லாம் இதற்குத்தான். கண் பிள்ளைமேல் இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும்.

இன்னொன்று கவன வேலை: துளை டிசைன், இரண்டு நிற நூல், சாக்ஸில் குதிகால் திருப்புவது, கழுத்து வளைவுக்குக் கண்ணி குறைப்பது. ஆட்கள் நடமாடும் அறையில் இதை எடுக்கவே கூடாது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் எண்ணிக்கை தவறும், தவறு மூன்று வரிசை தாண்டித்தான் கண்ணில் படும், பிரிப்பதற்கு அரை மணி போகும். பிறகு கோபம் கேள்வி கேட்ட பிள்ளைமேல் திரும்பும். பிள்ளை என்ன பண்ணும், பாவம்.

கவன வேலைக்கும் நாவலுக்கும் தனி நேரம் வேண்டும். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் அது கிடைக்காது. கணவன் மனைவி இருவரும் வாரத்துக்கு இரண்டு முறை ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று கிழமையும் மணியும் குறித்துக்கொள்வது நடைமுறையில் நிலைக்கும். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியது மற்றவர். சாவி எங்கே, சாக்ஸ் எங்கே என்பதும் அதில் அடக்கம்.

காகிதம், பெயின்ட், பசை சேர்ந்த கைவேலை வேறு ஜாதி. எடுத்துப் பரப்பப் பத்து நிமிடம், துடைத்து வைக்கக் கால் மணி. அரை மணி நேர இடைவெளியில் இதைத் தொட்டால் செய்வதற்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் எடுங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும்.

பையும் தட்டும்

கால் மணி நேர இடைவெளி பெரும்பாலும் பின்னாமல் வீணாவதில்லை, அளவு நாடாவைத் தேடித்தான் வீணாகிறது. பேச்சு வேலைக்கு ஒரு துணிப்பை ஒதுக்கி அதில் இவற்றை வைத்துவிடுங்கள்: ஊசியோடு பின்னல், ஒரு நூலுருண்டை, சின்னக் கத்தரி உறையோடு, மொட்டை முனைத் தையல் ஊசி, குரோஷா ஊசி ஒன்று, நாலைந்து ஊக்கு, அளவு நாடா, பென்சில், மடித்த காகிதம். பையை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. கத்தரியைச் சமையலறைக்குக் கடன் கொடுப்பதும் கூடாது, திரும்பி வராது.

கைவேலைக்கு விளிம்புள்ள பெரிய தட்டு ஒன்று. எல்லாமே அந்தத் தட்டுக்குள் நடக்க வேண்டும். சாப்பாட்டு மேசை வேண்டுமென்றால் தட்டைத் தூக்கி அலமாரிமேல் வைத்தால் முடிந்தது. வெள்ளைப் பசை தொட்டால் ஒட்டாத பதத்துக்கு அரை மணியில் வந்தாலும் முழுப் பிடிப்புக்கு ஒரு நாள் ஆகும். குளிரும் ஈரமுமான அறையில் இன்னும் இழுக்கும். எனவே பசை வேலையைச் சாயங்காலம் முடித்து, தட்டோடு இரவு முழுக்க ஆடாமல் விட்டுவிடுவது நல்லது.

பாதியில் வைப்பது

முடிந்தவரை வரிசை முடிவில் நிறுத்துங்கள். நடுவரிசையில் ஊசியைத் தொங்கவிட்டால் இரண்டு ஊசிக்கும் இடையிலுள்ள கண்ணி இழுபட்டு ஓட்டை மாதிரி தெரியும். நடுவில் வைத்தே ஆகவேண்டுமென்றால் திரும்ப எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கைக்கு. மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் பின்னிவிடுவீர்கள், ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை உயரும்.

ஊசி முனைகளில் ரப்பர் மூடி போடுங்கள், இல்லையென்றால் ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றுங்கள். டிசைன் உள்ள வேலையில் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று காகிதத்தில் ஒரு கோடு. "ஞாபகம் இருக்கும்" என்பது அடுத்த நாள் பொய்யாகிவிடும்.

கவன வேலையில் பத்து வரிசைக்கு ஒருமுறை காப்பு நூல் ஓட்டுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதிக் கவலை இல்லை. வழவழப்பான பருத்தி நூலை வேறு நிறத்தில் எடுத்து, தையல் ஊசியால் பின்னல் ஊசியில் உள்ள கண்ணிகள் எல்லாவற்றுக்கும் உள்ளே கோத்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுவையுங்கள். அடுத்த வரிசையை வழக்கம்போலப் போடலாம், நூல் அங்கேயே இருக்கும். பிரிக்க நேர்ந்தால் பிரிப்பு அந்த நூலில் வந்து நின்றுவிடும். இடம் குறிக்க ஊசியில் அடையாள வளையம் போட்டிருந்தால் நூல் அதற்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிக்கிக்கொண்டால் வளையம் நகராது.

பிள்ளை ஊசியை உருவிவிட்டால்

முதலில், யாரும் துணியை இழுக்கக் கூடாது. கம்பளி நூல் சொரசொரப்பானது. ஊசி போனாலும் கண்ணி உடனே ஓடாது, அப்படியே நிற்கும். வழுக்கும் பருத்தியும் பட்டும்தான் அவசரம். துணியை மேசையில் மட்டமாக விரித்து, உங்கள் ஊசியைவிட மெல்லியதாக ஒன்றை எடுங்கள். 4.5 மில்லிமீட்டரில் பின்னினால் 3 மில்லிமீட்டர் ஊசி. நூல் தொங்காத பக்கத்திலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் குத்தி ஏற்றுங்கள். எந்தக் கண்ணி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இப்போது பார்க்க வேண்டாம். எல்லாம் ஏறியதும் எண்ணுங்கள்.

அடுத்த வரிசையைச் சரியான ஊசியால் போடும்போது திருத்திக்கொள்ளலாம். கண்ணி, குதிரைமேல் உட்கார்ந்த ஆள் மாதிரி: ஒரு கால் ஊசிக்கு முன்னால், ஒரு கால் பின்னால். வலப்பக்கத்துக் கால் முன்னால் இருந்தால் சரி. பின்னால் போயிருந்தால் அந்தக் கண்ணியைப் பின்கால் வழியாகப் பின்னுங்கள், முறுக்கு விழாது.

ஒரு கண்ணி மட்டும் ஏணிபோலக் கீழே இறங்கியிருந்தால், வழவழப்பான நேர்ப்பக்கம் உங்களைப் பார்க்க வைத்து, விழுந்த கண்ணிக்குள் குரோஷா ஊசியை முன்னாலிருந்து விட்டு, அதற்கு நேர் மேலேயுள்ள முதல் படியைக் கொக்கியில் மாட்டிக் கண்ணி வழியாக இழுங்கள். படி படியாக மேலே வந்து இடது ஊசியில் ஏற்றினால் தடமே தெரியாது.

புத்தகம்

பின்னிக்கொண்டே படிக்க முடியுமா என்றால், பேச்சு வேலையாக இருந்தால் முடியும். புத்தகத்தை விரித்துப் பிடிக்கும் தாங்கி வேண்டும், அல்லது எழுத்தைப் பெரிதாக்கிய மின்நூல் கருவி. ஆனால் மனசுக்குப் பிடித்த நாவலை இப்படிப் படித்தால் இரண்டுமே அரைகுறையாகும். கை பின்னும்போது காதால் கேட்பதுதான் பொருத்தம். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கைவேலை செய்யலாம், அத்தியாயத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டால் தொண்டை தாங்கும். சும்மா உட்கார மாட்டாத பிள்ளைகூடக் கையில் ஏதாவது இருந்தால் கதை கேட்டுவிடும்.

தனி வாசிப்புக்குப் படுக்கைக்கு முந்தைய நேரம் நல்லது, ஏனென்றால் அப்போது வேறு எதையும் செய்ய முடியாது. நாளுக்கு 12 பக்கம் போனால் 300 பக்க நாவல் 25 நாளில் முடியும்.

பிள்ளைகள் கைக்கு: விரல் பின்னல்

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஊசி கொடுப்பதற்கு முன் இதைக் கற்றுக்கொடுங்கள். தடித்த நூலாக எடுங்கள், மெல்லிய நூல் விரலை அறுக்கும்.

1. இடது உள்ளங்கையைத் தன்பக்கம் காட்டி, நூல் முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளட்டும்.
2. நூல் ஆள்காட்டி விரலுக்கு முன்னால், நடுவிரலுக்குப் பின்னால், மோதிர விரலுக்கு முன்னால், சுண்டுவிரலுக்குப் பின்னால் போகட்டும்.
3. சுண்டுவிரலைச் சுற்றி முன்பக்கம் வந்து, மோதிர விரலுக்குப் பின்னால், நடுவிரலுக்கு முன்னால், ஆள்காட்டி விரலுக்குப் பின்னால் திரும்பட்டும். இப்போது விரலுக்கு ஒரு கண்ணி.
4. அதே சுற்றை இன்னொரு முறை. விரலுக்கு இரண்டு கண்ணி.
5. ஒவ்வொரு விரலிலும் கீழ்க் கண்ணியைத் தூக்கி, மேல் கண்ணியையும் விரல் நுனியையும் தாண்டிப் பின்பக்கம் போடவும்.
6. மறுபடியும் சுற்று, மறுபடியும் தாண்டல். இரண்டு வரிசை ஆனதும் முனையைக் கட்டைவிரல் விட்டுவிடலாம்.

முதல் நாலு வரிசை சிக்கல் போலத்தான் தெரியும். கீழே தொங்குவதை மெல்ல இழுத்தால் கயிறு திரண்டு வரும், பிள்ளை முகம் மாறுவது அப்போதுதான். வழக்கமாக நடக்கும் தவறு நூலை இறுக்கிச் சுற்றுவது. விரல் நுனி நிறம் மாறினால் கழற்றித் தளர்த்துங்கள். பாதியில் சாப்பிடக் கூப்பிட்டால் நாலு கண்ணியையும் வரிசை மாறாமல் ஒரு பென்சிலுக்கு மாற்றிவைக்கலாம், யாரும் அழ வேண்டாம். முடிக்க, 20 சென்டிமீட்டர் விட்டு நூலை வெட்டி, முனையை நாலு கண்ணிக்குள்ளும் நுழைத்து இழுத்தால் போதும். கயிறு கழுத்து மாலையாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆபத்து.

மூன்று வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டில் பொத்தான், மணி, சின்னக் காந்தம் எதுவும் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. அலங்கார விளக்குகளில் வரும் பொத்தான் பேட்டரி இதில் மிக மோசமானது, விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும். சூடான பசைத் துப்பாக்கி பெரியவர் கையில் மட்டும்.

பரிசுக் கணக்கு

குளிர்காலக் குடும்பச் சண்டைகளில் பாதி, வாக்குக் கொடுத்த ஸ்வெட்டரால் வருகிறது. நடுத்தரத் தடிமன் நூல், 4.5 மில்லிமீட்டர் ஊசி, 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி என்று வைத்துப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் அகலம், 150 சென்டிமீட்டர் நீள மஃப்ளர்: 36 கண்ணி, நேர்க் கண்ணிப் பின்னலில் 540 வரிசை, மொத்தம் 19,440 கண்ணி. நிமிடத்துக்கு 20 வீதம் 16 மணி நேரத்துக்கு மேல். தினம் அரை மணி என்றால் ஒரு மாதம் தாண்டும். நூல் சுமார் 200 கிராம். பெரியவர் குல்லா ஒன்று: 88 கண்ணி, 48 சுற்று, 4,224 கண்ணி, முடிப்பு வேலையோடு நாலு மணி நேரம்.

அதாவது நாலு பேருக்குக் குல்லா போடும் நேரத்தில் ஒரு மஃப்ளர்தான் முடியும். நாலு குல்லாவுக்கு ஐந்து வாரம் முன்னால் ஊசியைத் தொட்டால் போதும், நாலு மஃப்ளருக்கு நாலரை மாதம் வேண்டும். ஸ்வெட்டரை அடுத்த குளிர்காலத்துக்கு என்று சொல்லிவிடுங்கள். நூலை ஒரே தடவையில், லேபிளில் சாய எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். எண் மாறினால் நிறம் மாறுவது இரவு விளக்கில் தெரியாது, பகலில் தெரியும்.

பிள்ளைகளுக்கான உடுப்புக்கு மெஷினில் துவைக்கும் கம்பளியோ அக்ரிலிக்கோ நல்லது. சாதாரணக் கம்பளி சூட்டிலும் குலுக்கலிலும் திரண்டு சுருங்கி, பொம்மைக்குத்தான் பொருந்தும். அக்ரிலிக்கை இஸ்திரி போட்டால் உயிரில்லாமல் தொங்கிப் போகும், திரும்ப வராது.

வெளிச்சம், கை

கறுப்பு, கருநீல நூலை ராத்திரியில் தொடாதீர்கள். நேர்க் கண்ணி மட்டும் போடும் வேலையானாலும் நழுவின கண்ணி தெரியாது. விளக்கு தலைக்கு மேலிருந்து வராமல், பக்கவாட்டில் தோளுக்குப் பின்னாலிருந்து விழட்டும். குளிர்ந்த விரலால் பின்னினால் நூல் இறுகும். அரை மணிக்கு ஒருமுறை கையை உதறி, விரித்து மடக்குங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்குப் புத்தகம்.

முடியாமல் நின்றவை

வெயில் வந்ததும் பின்னல் அலுத்துப்போகும், அது இயல்பு. பாதியில் நிற்பதை ஊசியோடு மூட்டை கட்டாதீர்கள். மாதக்கணக்கில் ஊசியில் கிடந்தால் அந்த வரிசை இழுபட்டுக் கோடாகத் தெரியும். கண்ணிகளைப் பருத்தி நூலில் மாற்றி, முனைகளை முடிச்சிட்டு, ஊசியை எடுத்துவிடுங்கள். ஊசி அளவு, நிற்கும் வரிசை, நூலின் சாய எண், யாருக்குப் போட்டது என்று ஒரு சீட்டு எழுதி அதோடு ஊக்கால் குத்துங்கள். பூச்சி அழுக்கும் வியர்வையும் பட்ட கம்பளியைத்தான் முதலில் தேடும். போட்டுப் பழகியவற்றைத் துவைத்து, முழுக்க உலர்த்தி, காற்றுப் புகாத பையில் வைத்து மூடுங்கள். சீட்டில் பெயர் உள்ளவர் பிள்ளையாக இருந்தால், அடுத்த குளிர்காலத்தில் ஊசியை எடுக்கும் முன் தலையை மறுபடி அளந்துவிடுங்கள்.