பொங்கலன்று நாய்க்கு என்ன வைப்பது? தாளிப்பதற்கு முன் எடுத்து வையுங்கள்

போன பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலை இறக்கியதும் அக்கா மகன் சூடாற ஊதி ஒரு உருண்டை உருட்டி எங்கள் நாய் கருப்பியிடம் நீட்டினான். நெய்யில் வறுத்த திராட்சை நாலைந்து அதில் உப்பிக்கொண்டு தெரிந்தன. கையைத் தட்டிவிட்டேன். "பாவம் சித்தி, எவ்வளவு நேரமா பார்த்துக்கிட்டே இருக்கு" என்று அவனுக்கு என்மேல் கோபம். முதல் தடவை நாய் வளர்ப்பவர்களுக்காக, எங்கள் வீட்டில் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: அதன் பங்கைத் தனியாக வேக வையுங்கள்

பச்சரிசியும் பாசிப்பருப்பும் குக்கரில் குழைந்ததும், உப்பு, நெய், மிளகு எதுவும் சேரும் முன் ஒரு கிண்ணம் எடுத்து ஆற வைத்துவிடுங்கள். கறி எடுக்கும் நாளிலும் இதே கணக்குதான். எலும்பில்லாத கோழித் துண்டு நாலைத் தண்ணீரில் மட்டும் வேக வைத்து எடுத்த பிறகு மசாலாவுக்குப் போங்கள். சமைத்து முடித்த பிறகு "கழுவிட்டுப் போடலாம்" என்பது வேலைக்கு ஆகாது. வெங்காயச் சாறு கறிக்குள் இறங்கியிருக்கும்.

படி 2: எதற்கெல்லாம் தடை?

முதலில் திராட்சை. உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். இத்தனை தின்றால்தான் ஆபத்து என்று உறுதியான கணக்கு கிடையாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் ஓடியாடும், இன்னொன்று கொஞ்சம் தின்றே படுத்துவிடும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றி 2022இல் ஒரு கால்நடை மருத்துவ ஆய்விதழில் கட்டுரையே வந்தது. ஆகவே சாம்பார் சாதம், புளியோதரை இரண்டும் வேண்டாம்.

அடுத்து வெங்காயம், பூண்டு. ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. வதக்கினாலும் பொடித்தாலும் வீரியம் குறையாது. பூனைக்கு நஞ்சாக இன்னும் குறைந்த அளவே போதும். சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) சேர்த்த 'சுகர் ஃப்ரீ' இனிப்பு, சூயிங்கம் எல்லாவற்றையும் மேல் அலமாரிக்கு ஏற்றிவிடுங்கள்.

படி 3: பந்திக்கு முன் அதற்குப் போடுங்கள்

வயிறு நிறைந்த நாய் இலையோரம் வந்து உட்காருவது குறைவு. அப்புறம் உறவினர்கள். "ஒண்ணும் கொடுக்காதீங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், நம் ஊர் பாசம் அப்படி. அதன் பிஸ்கட்டில் நாலைக் குழந்தைகள் கையில் கொடுத்து, "இதை மட்டும் போடுங்க" என்று சொன்னால் கேட்கிறார்கள்.

படி 4: எச்சில் இலை

ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இலையை மடித்து வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவோம், திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கறிக் கொழுப்பும் நெய்யும் அளவுக்கு மீறினால் கணையம் வீங்கலாம். இலையை எடுத்த கையோடு மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். மென்று துப்பிய கரும்புச் சக்கையும் அதில்தான் போக வேண்டும். இனிப்புக்காக விழுங்கிவிட்டால் குடலை அடைக்கலாம்.

படி 5: தின்றே விட்டால்

என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். "வாந்தி எடுக்குதான்னு பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். திராட்சையின் சேதம் ஓரிரு நாள் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். வெங்காயத்துக்கும் சில நாள் பிடிக்கும்: ஈறு வெளுக்கும், சிறுநீர் பால் ஊற்றாத கட்டஞ்சாயா நிறத்தில் போகும். உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றும் வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம், அந்த உப்பே நஞ்சாகும். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பண்டிகை நாளில் பல கிளினிக்குகள் பூட்டிக் கிடக்கும். போகியன்றே இரண்டு இடங்களுக்குப் போன் போட்டு, யார் இருப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது நாயின் எடையைத்தான், அந்தப் பதற்றத்தில் ஞாபகம் வராது. எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் அட்டையின் ஓரத்தில் எழுதியிருக்கிறது: கருப்பி, 16 கிலோ. கீழே இரண்டு போன் நம்பர்.