ஃபர்னஸ் பற்றிப் பற்றி அணைந்தால்: ஃப்ளேம் சென்சாரைத் துடைத்த அனுபவம்

டொராண்டோ, வெளியே மைனஸ் 18. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் பற்றும், நாலைந்து நொடியில் அணையும், மறுபடி பற்றும்; கடைசியில் லாக்-அவுட், அதாவது தானே பூட்டிக்கொண்டு முயற்சியை நிறுத்திவிடும். பற்றவே இல்லை என்றால் தீ மூட்டும் இக்னைட்டரைச் சந்தேகிக்கலாம். சில நிமிடம் ஓடிவிட்டு நின்றால் பெரும்பாலும் காற்று ஃபில்டர் அடைப்பு. பற்றிய கையோடு அணைகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளேம் சென்சாரைத்தான்.

பர்னர் வாய்க்கு எதிரே, ஒற்றை ஒயரோடு நிற்கும் மெல்லிய கம்பி அது. தீ எரியும்போது சுவாலை வழியே சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் பாயும். கம்பியில் வெள்ளைப் படலம் படிந்தால் அந்த மின்னோட்டம் குறையும். தீயே இல்லை என்று ஃபர்னஸின் கட்டுப்பாட்டு போர்டு முடிவுகட்டி கேஸ் வால்வை மூடிவிடும்.

ஃபர்னஸ் சுவிட்சை அணைத்து, கேஸையும் மூடினேன். கால் அங்குல நட் டிரைவரால் ஒரே ஒரு திருகு. கம்பியை உருவி, நைசான ஸ்டீல் வுல்லால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்தேன். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் படலம் சீக்கிரம் பிடிக்கும். அடியிலுள்ள பீங்கான் லேசாக இடிபட்டாலும் விரிசல் விடும். விட்டால் மின்னோட்டம் அங்கேயே கசியும், புதுசு வாங்க வேண்டியதுதான்.

மீட்டரைச் சென்சார் ஒயரோடு தொடர் இணைப்பில் வைத்துப் பார்த்தபோது, துடைக்குமுன் 0.6 மைக்ரோ ஆம்பியர், துடைத்தபின் 3.4. துடைத்தும் ஏறவில்லையானால் பர்னரின் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பலரும் விடுவது அதைத்தான்.